எழும்பூர் அருங்காட்சியகத்தை எப்படிப் பார்ப்பது, மார்கழிக் கச்சேரியை எப்படிக் கேட்பது?

வேலைக்காகக் குரோம்பேட்டையில் குடியேறி சில மாதங்கள் ஆகின்றன, ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு, ஒன்பது வயது மகளோடு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் ஒன்றரை மணி நேரத்தில் களைத்துத் திரும்பிவிட்டோம், திமிங்கல எலும்புக்கூட்டைத் தவிர எதுவும் மனதில் நிற்கவில்லை, டிசம்பரில் கச்சேரிக்குப் போகச் சொல்கிறார்கள், எங்களுக்கு ராகம் எதுவும் தெரியாது, சென்னையில் என்னென்ன பார்க்கலாம் என்று பட்டியல் தர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் எங்கும் கிடைக்கும். உங்கள் உண்மையான கேள்வி, "போனோம், பார்த்தோம், ஏன் ஒன்றும் ஒட்டவில்லை?" என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் கிடைத்தால் எதை எப்போது பார்ப்பது என்பது தானாக அமைந்துவிடும். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிற்பமும் செப்புத் திருமேனிகளும், அதாவது வெண்கலத்தில் வார்த்த தெய்வ உருவங்களும், நான் முறையாகப் படித்த துறை. இசையில் நான் நெடுநாள் ரசிகர் மட்டுமே, பாடத் தெரியாது. பதிலின் பிற்பகுதியை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

களைப்பு உங்கள் குறையல்ல. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் கில்மன் 1916-லேயே இதை ஆராய்ந்து எழுதினார். ஓர் ஆளைக் காட்சிப்பெட்டிகளின் முன் நிறுத்தி, ஒவ்வொன்றையும் பார்க்க அவர் எப்படிக் குனிகிறார், எப்படிக் கழுத்தை வளைக்கிறார் என்று படம் எடுத்துக் காட்டினார். பொருள்கள் வைக்கப்பட்ட உயரமும் நெருக்கமுமே பாதிக் களைப்புக்குக் காரணம் என்பது அவர் கண்டது. மீதிப் பாதி, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற நம் அவசரத்தால் வருவது. எழும்பூரில் நாற்பதுக்கும் மேற்பட்ட காட்சிக்கூடங்கள் பல கட்டடங்களில் பரந்து கிடக்கின்றன. 1851-இல் தொடங்கியது முதல் கல், உலோகம், நாணயம், தாவரம், விலங்கு, கற்கால ஆயுதம் என்று சேர்ந்துகொண்டே வந்த இடம் அது. ஒரே நாளில் பார்ப்பதற்கென்று யாரும் அதைத் திட்டமிடவில்லை. ஒரு தடவைக்கு ஒரு கூடம், ஒரு கூடத்தில் ஐந்தாறு பொருள்கள், மொத்தம் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைப் பார்க்காமல் வருவதில் குற்றமில்லை, அடுத்த ஞாயிறும் அது அங்கேதான் இருக்கும்.

முதல் தடவைக்கு வெண்கலக் கூடத்தைத்தான் சொல்வேன். குரோம்பேட்டையிலிருந்து கடற்கரை செல்லும் மின்ரயிலில் ஏறினால் எழும்பூரில் இறங்கலாம். அங்கிருந்து பாந்தியன் சாலைக்கு நடையில் கால் மணி நேரம். காலை ஒன்பதரைக்குத் திறப்பார்கள், வெள்ளிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களிலும் மூடியிருக்கும். திங்கட்கிழமை விடுமுறை என்று பல ஊர் வழக்கத்தை நினைத்துக்கொண்டு வெள்ளியன்று வந்து ஏமாறுபவர்கள் நிறைய. ஞாயிறு பதினொரு மணிக்குமேல் கூட்டம் சேர்ந்துவிடும், திறந்த கையோடு உள்ளே போனால் முதல் ஒரு மணி நேரம் அமைதியாக இருக்கும். படம் எடுக்கத் தனிக் கட்டணம் உண்டு. முதல் தடவை படம் எடுக்காமல் பார்ப்பதே நல்லது. கண்ணாடியில் விளக்கின் பிரதிபலிப்பைத் தவிர்க்க அலைந்துகொண்டிருந்தால் கண் பொருளின் மேல் நிற்காது. சில கூடங்களை மாற்றி மாற்றிச் சீரமைப்புக்கு மூடுவார்கள், சீட்டு வாங்கும் இடத்திலேயே எது திறந்திருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

உள்ளே போனதும் பெயர்ப்பலகையைப் படிக்காதீர்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீசுவரரைத் தேடி நேரே அதன் முன் போய் நில்லுங்கள். மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை கைகள்? மூன்று. சிவனின் பாதியான வலப்பக்கம் இரண்டு, தேவியின் பாதியான இடப்பக்கம் ஒன்று. இதைக் கண்டுபிடித்த குழந்தை அடுத்த வேறுபாட்டைத் தானே தேடத் தொடங்கிவிடும். காதணிகள் இரண்டும் ஒன்றல்ல. வலப்பக்க ஆடை தொடையோடு நிற்கிறது, இடப்பக்க ஆடை கணுக்கால் வரை இறங்குகிறது. இப்போது நடுவில் ஒரு கோடு இருப்பதாக நினைத்து மூக்கிலிருந்து தொப்புள் வரை கண்ணை இறக்குங்கள். ஆண்பாதி எங்கே முடிகிறது, பெண்பாதி எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. தோள், மார்பு, இடை மூன்றிலும் இருபுறமும் வேறு வேறு அளவுகள், ஆனால் உடல் ஒன்று. அடுத்து, அவர் நிற்பது போலவே நீங்களும் நின்று பாருங்கள், எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று உங்கள் இடுப்பே சொல்லும். இதைச் செய்த சிற்பியான ஸ்தபதி எதைச் சாதித்திருக்கிறார் என்பது பலகையைவிட இந்த ஐந்து நிமிடத்தில் நன்றாகத் தெரியும். பலகையைப் பிறகு படியுங்கள்.

அடுத்தது திருவாலங்காட்டு நடராசர். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இந்தத் திருமேனியின் புகைப்படங்களை வைத்துக்கொண்டு எழுதிய கட்டுரை, அவர் இறந்தபின் 1921-இல் வெளியானது. அவர் நேரில் பார்க்கவில்லை, நீங்கள் ரயில் ஏறிப் போய்ப் பார்க்கலாம். மற்ற நடராசர்களைச் சுற்றி இருக்கும் நெருப்பு வளையமான திருவாசி இதற்கு இப்போது இல்லை. இழப்புதான், ஆனால் அதனாலேயே உடலின் வடிவம் தடையில்லாமல் கண்ணுக்குக் கிடைக்கிறது. வலப் பின்கையில் உடுக்கை, இடப் பின்கையில் தீ, வல முன்கை அஞ்சேல் என்கிறது, இட முன்கை குறுக்கே வந்து தூக்கிய பாதத்தைக் காட்டுகிறது. இதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் உண்டு. புத்தகத்தில் கிடைக்காதது பக்கவாட்டுத் தோற்றம். நேரே நின்றால் நாடகம், பக்கத்தில் வந்தால் சமநிலை. காலடியில் கிடக்கும் குள்ள உருவமான முயலகன் மேல் ஊன்றிய வலக்கால் முழங்காலில் மடங்கியிருக்கிறது, தூக்கிய காலின் கனத்தை அந்த மடிப்புதான் வாங்கிக்கொள்கிறது. பரதநாட்டியத்தில் அரைமண்டி என்று ஆடுபவர்கள் வருடக்கணக்கில் பழகுவதும் இந்த மடிப்பைத்தான். ஜனவரி முதல் வாரத்தில் மியூசிக் அகாடமியில் நாட்டிய விழா நடக்கும். காலையில் இந்தச் சிலையைப் பார்த்துவிட்டு மாலையில் அங்கே போனால் ஆடுபவரின் முழங்காலைப் பார்க்கக் கற்றிருப்பீர்கள்.

பிறகு கீழே பாருங்கள். பெரும்பாலானவர்கள் முகத்தோடு நின்றுவிடுவார்கள். பீடத்தின் பக்கங்களில் துளைகளோ வளையங்களோ இருக்கும். இவை கருவறையில் நிலையாக நின்ற மூலவர்கள் அல்ல, வீதியுலா போன உற்சவர்கள். தண்டு கோக்கவும் கயிறு கட்டவும் அமைந்தவை அந்தத் துளைகள். உலா போகிறவர் பின்னால் வருபவர்களுக்கும் தெரிய வேண்டும், அதனால்தான் முதுகிலும் சடைக்கும் ஆரத்துக்கும் அதே கவனம் எடுத்திருக்கிறார்கள். பின்புறம் போக வழியிருக்கும் எல்லாத் திருமேனியையும் சுற்றிப் பாருங்கள். செய்முறையும் தெரிந்திருந்தால் உதவும். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து முதலில் மெழுகில் உருவத்தை முழுமையாகச் செய்வார்கள். அதன்மேல் ஆற்று வண்டலைப் பூச்சுப் பூச்சாக ஏற்றி உலர்த்தி, பிறகு சூடேற்ற மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியபின் மண் அச்சை உடைத்துத்தான் திருமேனியை எடுக்க முடியும், ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே வார்ப்பு. சுவாமிமலையில் இன்றும் இதே முறைதான். ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அங்கே எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளை முழம், விரல் கணக்கில் உயரம் சொல்லி, கெட்டியாக வார்த்ததா உள்ளீடற்றதா என்பதையும் பதிவு செய்திருக்கின்றன. அந்தப் பட்டியலில் உள்ள பெரும்பாலான திருமேனிகள் இன்று இல்லை. ஆனால் அந்த அளவுக்குக் கணக்கு வைத்த சமூகம் செய்தவை நீங்கள் பார்ப்பவை.

எது உறுதி, எது ஊகம் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பலகையில் பத்தாம் நூற்றாண்டு, பதினோராம் நூற்றாண்டு என்று போட்டிருப்பதைப் பிறந்த தேதி போல நம்ப வேண்டாம். சோழர் செப்புத் திருமேனிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் ஆண்டு பொறிக்கப்படவில்லை. முகம், அணி, ஆடை மடிப்பு ஆகியவற்றை ஒப்பிட்டு அறிஞர்கள் சொல்லும் கணிப்பு அது, ஐம்பது ஆண்டு முன்னும் பின்னும் போகலாம். தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனர் போன்ற சில மட்டுமே கல்வெட்டின் துணையால் 1011 என்று உறுதியாக ஆண்டு சொல்லக்கூடியவை. அதை அளவுகோலாக வைத்துத்தான் மற்றவற்றைக் கணிக்கிறார்கள். இன்னொன்று, இவை எழும்பூருக்கு எப்படி வந்தன என்பது. பல திருமேனிகள் வயலிலோ கோயில் வளாகத்திலோ தோண்டும்போது கிடைத்தவை. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் வழியாக அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. இது உறுதி. படையெடுப்புக்குப் பயந்து புதைத்தார்கள் என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம், ஆனால் எந்தச் சிலை எந்த ஆண்டு யாருக்குப் பயந்து புதைக்கப்பட்டது என்று தனித்தனியே சொல்ல ஆதாரம் அரிது. 1311-இல் படையெடுத்து வந்த டெல்லித் தளபதி மாலிக் காபூர் என்று யாராவது எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். மண்ணுக்குள் கிடந்ததன் அடையாளம் மேற்பரப்பிலேயே இருக்கும்: பச்சைப் படலம், சிறு குழிகள். மண்ணின் உப்பிலிருந்து குளோரைடு உள்ளே இறங்கிவிட்டால், ஈரக்காற்று பட்டதும் வெளிர்பச்சைப் பொடியாக அரிப்பு தொடங்கும். வெண்கல நோய் என்பார்கள். இதற்கு வைத்தியம் பார்க்கவென்றே 1930 வாக்கில் எழும்பூரில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் அமைந்தது. பச்சையாக இல்லாமல், முகம் மட்டும் மழுங்கி வழவழவென்று இருக்கும் திருமேனிகளைப் பார்த்தால் வேறு கதை: நூற்றாண்டுக் கணக்கில் அபிஷேகமும் துடைத்தலும் செய்த தேய்மானம் அது.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வெளியே வந்துவிடுங்கள்.

இரண்டாம் தடவை அமராவதிக் கூடம். குண்டூர்ப் பக்கம் கிருஷ்ணை ஆற்றங்கரையில் இருந்த பௌத்தத் தூபியின் சுண்ணக்கல் பலகைகள் இவை. வால்டர் எலியட் 1845-இல் தோண்டி எடுத்தவற்றில் ஒரு பெரும் பகுதி சென்னையிலிருந்து லண்டனுக்குப் போய்விட்டது. அவை இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. மீதியும் பின்னர் கிடைத்தவையும் எழும்பூரில். இங்கே ஒரே ஒரு வட்டப் பலகைக்கு இருபது நிமிடம் கொடுங்கள்: நளகிரி யானையைப் புத்தர் அடக்கும் காட்சி. ஒரே வட்டத்துக்குள் அதே யானை இருமுறை வருகிறது. ஒருபுறம் மதம் பிடித்து ஆட்களைத் தூக்கி எறிகிறது, மறுபுறம் புத்தரின் காலடியில் மண்டியிடுகிறது. நடுவில் தெரு. மேலே மாடத்துச் சாளரங்களிலிருந்து மக்கள் எட்டிப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு முகத்தையும் தனியாகப் பாருங்கள், பயந்தவர் யார், வேடிக்கை பார்ப்பவர் யார் என்று மகளையே பிரிக்கச் சொல்லுங்கள். இந்தப் பலகையில் புத்தர் மனித உருவில் நிற்கிறார். இதற்கு முந்திய காலப் பலகைகளில் அவர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஆசனமோ, பாதச் சுவடோ, போதி மரமோ இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு மதமே தன் தலைவரைக் காட்டும் விதத்தை மாற்றிக்கொண்டது கண்ணுக்குத் தெரியும்.

நீங்கள் குரோம்பேட்டைவாசி என்பதால் கற்காலப் பிரிவையும் விடாதீர்கள். உங்களுக்கு அடுத்த நிலையமான பல்லாவரத்தில்தான் 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதே ஆண்டு அவர் கண்டுபிடித்த, சென்னைக்கு வடமேற்கே உள்ள அத்திரம்பாக்கத்தில் நெடுங்காலம் நடந்த அகழாய்வின் முடிவு 2011-இல் வெளியானபோது, அங்குள்ள கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று தெரிந்தது. ஃபூட் சேர்த்த தொகுப்பை அருங்காட்சியகம் 1904-இல் விலைக்கு வாங்கியது. கோடரியைப் பார்க்கும்போது அதைப் பிடிக்கும் கையை நினைத்துப் பாருங்கள்: எந்த விளிம்பு வெட்டும், எது உள்ளங்கையில் உட்காரும், எந்தப் பக்கத்திலிருந்து தட்டிச் செதுக்கியிருப்பார்கள். நாகப்பட்டினத்துப் பௌத்தச் செப்புத் திருமேனிகளைத் தனியாக இன்னொரு நாள் பார்க்கலாம். தலையுச்சியில் தீச்சுடர் போல எழும் முடிதான் அவற்றின் அடையாளம். கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய பௌத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரை நிவந்தமாக, அதாவது அறக்கொடையாக, கொடுத்தான் என்று தெரிந்துகொண்டு போனால் கடல் வணிகமும் அந்தச் சிறு உருவங்களும் ஒன்றாகச் சேரும்.

அருங்காட்சியகத்தில் பார்த்தது முழுமை பெற வேண்டுமானால் மயிலாப்பூருக்குப் போக வேண்டும். உற்சவர்கள் வெறும் உலோகமாக நிற்பது கண்ணாடிக் கூடத்தில் மட்டும்தான். கோயிலில் பட்டும் மாலையும் சாத்தியபின் முகமும் கையும் தவிர எதுவும் தெரியாது. இரண்டையும் பார்த்தவர்களுக்குத்தான் அந்த முகத்துக்கும் கைவிரல்களுக்கும் ஏன் அவ்வளவு உழைத்தார்கள் என்பது பிடிபடும். கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழா மார்ச், ஏப்ரல் வாக்கில் வரும். மூன்றாம் நாள் விடியற்காலை அதிகார நந்தி வாகனம், ஏழாம் நாள் காலை தேர், எட்டாம் நாள் பிற்பகல் நாயன்மார் அறுபத்துமூவர் உலா. எட்டாம் நாளன்று மாடவீதிகளில் நகர இடம் இருக்காது. குழந்தையோடு போகிறவர்களுக்கு அதிகார நந்தியைத்தான் சொல்வேன், முதல் மின்ரயிலைப் பிடித்துப் புறப்பட்டால் வெயிலுக்கு முன் பார்த்துத் திரும்பலாம். வாகனம் தோளில் ஏறும்போது வாகனம் சுமக்கும் பாதந்தாங்கிகளின் நடையையும், தண்டு கட்டிய விதத்தையும் பாருங்கள், எழும்பூரில் பார்த்த பீடத்துத் துளை நினைவுக்கு வரும். இந்த விழாக்களுக்கு வயது அதிகம். சம்பந்தர் மயிலையில் பாடிய பூம்பாவைப் பதிகம் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மாத வரிசையில் இவ்வூர் விழாக்களைச் சொல்லிக்கொண்டு போகிறது. சென்னையின் மிகப் பழைய நிகழ்ச்சி நிரல் என்று அதைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் அவர் பாடிய கோயில் இன்றிருக்கும் இடத்தில்தான் இருந்ததா என்பது வேறு. அது கடற்கரையை ஒட்டி, சாந்தோம் பக்கம் இருந்ததென்றும், போர்த்துகீசியர் காலத்துக்குப் பிறகே இன்றைய கோயில் எழுந்ததென்றும் பலர் கருதுகிறார்கள். சாந்தோமில் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகள் அந்தக் கருத்துக்குத் துணை நிற்கின்றன.

இனி கச்சேரி. ராகம் தெரியாதது தடையே இல்லை. ராகத்தின் பெயரைக் கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டு, கேட்பது அதற்கு முன்னால் வருவது. மாலைக் கச்சேரி சுமார் இரண்டரை மணி நேரம். வர்ணம் என்ற வகைப் பாடலிலோ, கிருதி என்ற வகையில் சிறிய பாடலிலோ தொடங்கி, ஒரு மணி நேரம் கழிந்த பிறகு அன்றைய பெரிய உருப்படி வரும். அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் வகுத்துத் தந்ததாகச் சொல்லப்படும் இந்த அமைப்பைத்தான் பெரும்பாலானவர்கள் இன்னும் பின்பற்றுகிறார்கள். உங்களால் ஒரு மணி நேரம்தான் உட்கார முடியும் என்றால் தொடக்கத்துக்குப் போகாதீர்கள், அந்த நடு மணிக்குப் போங்கள். முதலில் சொல்லில்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடும் ஆலாபனை. பாடுபவர் ஒரு பிடியை, அதாவது ராகத்தின் ஒரு சிறு துணுக்கை, பாட, வயலின் அதை வாங்கித் திருப்பித் தரும். அந்த வாங்கிக்கொடுத்தலை மட்டும் கவனித்தால் போதும். பிறகு பாட்டு. நடுவே ஒரே வரியை எடுத்துத் திரும்பத் திரும்ப வெவ்வேறாகப் பாடினால் அது நிரவல். ச ரி க ம என்று எழுத்துகள் வரத் தொடங்கினால் கல்பனாசுரம். அதன்பின் தனியாவர்த்தனம்: மிருதங்கமும் கடமும் அல்லது கஞ்சிராவும் மாறி மாறி வாசிப்பார்கள், முறை வரவரச் சுருங்கும், குறைப்பு என்பது அதுதான். கடைசியில் இருவரும் சேர்ந்து கோர்வை எனப்படும் கணக்கிட்ட தாளக் கோப்பை வைத்து முடிக்க, பாடுபவர் சரியாகப் பாட்டின் எடுப்பில், அதாவது பாட்டு தாளத்தில் தொடங்கும் இடத்தில், வந்து விழுவார். தாளம் போடும் பெரியவர் ஒருவருக்குப் பின்வரிசையில் உட்காருங்கள். ஆதி தாளம் என்றால் தொடையில் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணுதல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு என எட்டு. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே தனியைக் கேட்டால், கடைசிக் கோர்வை எங்கே வந்து இறங்கப்போகிறது என்று உங்கள் மகள் உங்களுக்கு முன்னால் சொல்லிவிடுவாள்.

தனியாவர்த்தனம் தொடங்கியதும் அரங்கில் பாதிப்பேர் கேன்டீனுக்கு எழுந்து போவது சென்னையின் கெட்ட பழக்கம். வாசிப்பவர்களை மிகவும் புண்படுத்துவது அது. போக வேண்டியிருந்தால் ஒரு பாட்டு முடிந்த கைதட்டலோடு எழுந்துவிடுங்கள், உள்ளே வருவதற்கும் அதே நேரம்தான். பணத்தைப் பற்றிப் பயமும் வேண்டாம். கச்சேரி நடத்தும் அமைப்புகளான சபாக்கள் பலவற்றில் நண்பகல், பிற்பகல் கச்சேரிகளுக்குச் சீட்டு இல்லை, அவற்றில் பாடுபவர்கள் வளரும் கலைஞர்கள், முழு மூச்சோடு பாடுவார்கள். முன்னணிக் கலைஞர்களின் மாலைக் கச்சேரிக்குத்தான் சீட்டு, அது முன்கூட்டியே தீர்ந்துவிடலாம். 1928-இல் தொடங்கிய மியூசிக் அகாடமியில் காலை வேளைகளில் நடக்கும் விளக்க உரைகளையும் முயன்று பாருங்கள், பாடிக்காட்டிப் பேசுவார்கள். எல்லா உரையும் புதியவர்களுக்குப் புரியாது, தலைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சொல் புரிந்தால்தான் பாட்டில் மனம் நிற்கும் என்பவர்களுக்கு ராஜா அண்ணாமலை மன்றம்தான் நல்ல வாசல். 1943-இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கம் அங்கே டிசம்பரில் விழா நடத்துகிறது, பழந்தமிழ் இசையின் பண்களைப் பற்றிய ஆராய்ச்சியும் கூடவே உண்டு.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோட்டை அருங்காட்சியகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1795-இல் முடிந்த பழைய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில் இருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி அங்கே காட்சியில் உள்ளது, அந்த ஒன்றுக்காகவே போகலாம். உள்ளே தலைமைச் செயலகமும் ராணுவமும் இருப்பதால் வாசலில் சோதனை இருக்கும், அடையாள அட்டை எடுத்துச் செல்லுங்கள், இதற்கும் வெள்ளி விடுமுறை. ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம், சென்னையில் நவீன ஓவியம் எப்படித் தன் மொழியைத் தேடியது என்பதைக் காட்டும் இடம். பணிக்கரின் சொற்களும் குறியீடுகளும் நிறைந்த ஓவியங்களையும் ஜானகிராமின் உலோகத் தகட்டுச் சிற்பங்களையும் தேடிப் பாருங்கள். ஜானகிராமின் தகட்டு வேலைக்கு முன்னால் நின்றால் கோயில் கவசம் நினைவுக்கு வரும், அதுவே அவர் எடுத்துக்கொண்ட மரபு.

முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா, உங்கள் மகளுக்காக நான் முதலில் சொல்லும் இடம். 1996-இல் திறந்தது, செவ்வாய்க்கிழமை விடுமுறை. நான்கு தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, மரமும் ஓடும் மாறாமல் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். இங்கே கண்ணாடிப் பெட்டி இல்லை, திண்ணையில் உட்காரலாம், முற்றத்தில் இறங்கலாம். செட்டிநாட்டு வீட்டையும் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீட்டையும் அடுத்தடுத்துப் பார்த்து, மழைநீர் எந்த வழியாக எங்கே போகும், நெல்லை எங்கே வைப்பார்கள், விருந்தாளி எதுவரை வரலாம் என்று கேட்டுக்கொண்டே நடந்தால் வீட்டின் அமைப்பு முழுவதும் புரிந்துவிடும். நிழல் குறைவு, ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் நண்பகலில் வேண்டாம். பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் சாலை வழியாகப் பழைய மகாபலிபுரம் சாலைக்கு வந்து அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிப்பது உங்களுக்கு வசதி.

ஒரு வருடத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம். ஜனவரியில் நாட்டிய விழாவும் நந்தனத்தில் புத்தகக் காட்சியும், பொங்கலை ஒட்டிச் சென்னை சங்கமம் என்ற கலைவிழாவும். பங்குனியில் மயிலாப்பூர். கோடையில் எழும்பூர்க் கூடங்கள், காலை நேரத்தில் மட்டும். ஆகஸ்ட் 22-ஐ ஒட்டிய சென்னை வாரத்தில் பழைய கட்டடங்களைச் சுற்றிக்காட்டும் நடைகள் நடக்கும், பெரும்பாலும் முன்பதிவு கேட்பார்கள், இடம் சீக்கிரம் நிரம்பும். டிசம்பர் கச்சேரிகளுக்கு நவம்பர் கடைசியிலிருந்து சபாக்கள் நிரலை வெளியிடத் தொடங்கும். கலைஞர், நேரம், அரங்கு மூன்றும் கடைசி நேரத்தில் மாறுவதுண்டு, கிளம்பும் அன்று காலையில் சபாவின் பக்கத்தையோ வாசல் பலகையையோ மறுபடி பாருங்கள். எழும்பூருக்கு மகளை அழைத்துப்போகும்போது கோடில்லாத நோட்டும் பென்சிலும் கொடுத்துவிடுங்கள். முழுச் சிலையை வரையச் சொல்ல வேண்டாம், ஒரு கையை மட்டும் வரையட்டும், விரல்கள் எப்படி மடங்கியிருக்கின்றன என்பதோடு. கூடத்துக்குள் பேனா, மை வேண்டாம், பென்சில் போதும். அவள் வரைந்து முடிக்கும்வரை அந்தச் சிலையின் முன்னாலேயே நீங்களும் நில்லுங்கள்.